மலையில் முதல் மாரத்தான் பயிற்சி: எங்கே வலிக்கிறது, எதனால், என்ன செய்வது

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் இருந்துகொண்டு முதல் தடவையாக 42.195 கிலோமீட்டருக்குத் தயாராகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நமக்குக் கிடைக்கிற பயிற்சி அட்டவணைகள் பெரும்பாலும் சமவெளியில் ஓடுகிறவர்களுக்காகப் போட்டவை. அவற்றை அப்படியே கொண்டுவந்து லவ்டேல் ரோட்டிலும் கொடநாடு ரோட்டிலும் ஓடிப் பார்த்தால் சில வாரத்திலேயே முட்டியோ முதுகோ மக்கர் பண்ண ஆரம்பித்துவிடும், நமக்கு இதெல்லாம் ஒத்துவராது என்று ஷூவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார்கள். அப்படி நல்ல ஓட்டக்காரர்களாக வந்திருக்க வேண்டிய பலர் பாதியில் விட்டதைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இங்கே எல்லோரும் ஏற்றத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். ஆனால் ஆளைப் படுக்க வைப்பது இறக்கம்தான், கீழே சொல்லப்போகிற தொந்தரவுகளில் நிறைய அங்கேதான் தொடங்குகின்றன.

உங்களுக்கு எது இருக்கிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்ப் படிக்கலாம். அதற்கு முன்னால் ஒன்று. ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, கண் இருட்டி மயக்கம், தாறுமாறான படபடப்பு, இதில் எது வந்தாலும் அன்றைக்கு ஓட்டம் முடிந்தது. உடனே மருத்துவமனைக்குப் போங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம். நாற்பது வயது தாண்டியவர்கள், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள், வீட்டில் இளம் வயதில் மாரடைப்பு வந்தவர்கள் இருந்தால், பயிற்சியைத் தொடங்கும் முன்பே ஒருமுறை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

இரண்டு நிமிடம் ஓடினாலே மூச்சு வாங்குகிறது

நீங்கள் வேகமாக ஓடுகிறீர்கள், அவ்வளவுதான். புதிதாக வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இதுதான் பதில். ஓடிக்கொண்டே பக்கத்தில் வருகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு இழுத்தால் வேகத்தைக் குறையுங்கள், குறைத்தும் முடியவில்லையா, நடங்கள். ஏற்றத்தில் நடப்பதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை, மலைப்பாதைப் பந்தயங்களில் முன்வரிசை ஓட்டக்காரர்களே செங்குத்தான இடங்களில் நடந்துதான் ஏறுகிறார்கள். முதல் மாதம் நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றிப் போனாலே போதும்.

கீழேயிருந்து வேலைக்காகவோ படிப்புக்காகவோ இப்போதுதான் மேலே வந்தவர் என்றால் இன்னொரு காரணமும் உண்டு. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றில் ஆக்சிஜனின் விகிதம் எங்கேயும் ஒன்றுதான், ஆனால் இங்கே காற்றழுத்தம் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு, ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகிற ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவு. உடம்பு ஓரளவு பழகவே இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை மெதுவான ஓட்டம் மட்டும் போதும்.

மாதக்கணக்காக ஓடுகிறேன், வேகம் மட்டும் கூடவே இல்லை

கூடியிருக்கும், கடிகாரத்தில் தெரியாது. 1968 ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ நகரமும் ஊட்டியும் ஏறக்குறைய ஒரே உயரம். அங்கே மாரத்தானில் தங்கம் வென்ற எத்தியோப்பியாவின் மாமோ வோல்டே எடுத்துக்கொண்ட நேரம் 2 மணி 20 நிமிடம் 26 விநாடி. அதற்கு நான்கு வருடம் முன்பு டோக்கியோவில் அவர் நாட்டுக்காரர் அபேபே பிகிலா ஓடியது 2 மணி 12 நிமிடம் 11 விநாடி. உலகத்தின் தலைசிறந்த கால்களுக்கே இந்த உயரத்தில் நேரம் இழுக்கிறது என்றால் சென்னையில் இருக்கிற நண்பருடைய வேகத்தோடு உங்கள் வேகத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. போதாததற்கு, நம் ஊரில் ஒரு கிலோமீட்டர்கூடச் சமமாக இருக்காது.

அதனால் தூரத்தை அளப்பதை விட்டுவிட்டு நேரத்தை அளந்து ஓடுங்கள். அட்டவணையில் 12 கிலோமீட்டர் என்று இருந்தால் அதை ஒன்றரை மணி நேரம் என்று மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். முன்னேற்றம் தெரிய வேண்டும் என்றால் மாதம் ஒருமுறை ஊட்டி எச்.ஏ.டி.பி. மைதானத்திலோ உங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்திலோ, அதே நேரம், அதே மூச்சு வாங்கும் அளவில் அரை மணி நேரம் சுற்றிப் பாருங்கள். சுற்று கூடியிருந்தால் நீங்கள் முன்னேறியிருக்கிறீர்கள். கொண்டை ஊசி வளைவுகளில் ஜி.பி.எஸ். கடிகாரம் காட்டுகிற வேகத்தை நம்ப வேண்டாம், வளைவை அது குறுக்கே வெட்டிக் கணக்குப் போடும்.

இறங்கி ஓடிய மறுநாள் படிக்கட்டு இறங்க முடியவில்லை

மலைக்காரர்களின் பெரிய பிரச்சினை இது, இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

தொட்டபெட்டா பிரிவிலிருந்து கோத்தகிரி பக்கமாக இறங்கும்போது ஓட்டம் எவ்வளவு சுகமாக இருக்கும்! மூச்சு வாங்காது, காற்று முகத்தில் அடிக்கும், கடிகாரமும் நல்ல வேகம் காட்டும். அந்த நேரத்தில் முன்தொடை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு அடியிலும் உடம்பு முழுவதும் கீழே விழப் பார்க்கிறது, தொடைத் தசை நீண்டுகொண்டே அதைப் பிடித்து நிறுத்துகிறது. நீண்டுகொண்டே பலம் கொடுக்கும்போதுதான் தசை இழைகளில் நுண்ணிய கிழிசல் அதிகம் விழும். வலி அன்றைக்கே தெரியாது. மறுநாள் தொடங்கி இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும், நாற்காலியில் உட்காரக் கையை ஊன்ற வேண்டியிருக்கும். அன்றைக்கு மூச்சு வாங்கவில்லை என்பதால் இறக்கத்தை எளிதான நாளாக எண்ணி மறுநாளும் ஓடக் கிளம்புகிறவர்கள்தான் கடைசியில் முட்டி வலியோடு உட்காருகிறார்கள்.

இதில் நல்ல செய்தியும் இருக்கிறது. ஒருமுறை அளவாக இறங்கிப் பழகிய தசையை அடுத்த முறை அதே இறக்கம் அந்த அளவுக்குப் பாதிப்பதில்லை, அந்தப் பாதுகாப்பு பல வாரங்கள் நிற்கும். அதனால் இறக்கத்தைத் தவிர்க்காதீர்கள், அளந்து பழகுங்கள். முதல் மாதம் ஏறும்போது ஓட்டமும் நடையுமாகப் போங்கள், இறங்கும்போது பெரும்பாலும் நடங்கள், அல்லது மினி பஸ் பிடித்துத் திரும்புங்கள். இரண்டாம் மாதத்திலிருந்து வாரம் ஒருமுறை மட்டும் பத்து நிமிட இறக்க ஓட்டம், பிறகு பதினைந்து, பிறகு இருபது. அப்படி இறங்கியதற்கு மறுநாள் கட்டாயம் ஓய்வு, இல்லையென்றால் நடை.

இறங்கும் விதமும் முக்கியம். பயத்தில் பின்பக்கம் சாய்ந்து குதிகாலால் பிரேக் போட்டு இறங்கினால் அடி முழுக்க முட்டிக்குத்தான் போகும். அடியைச் சிறிதாக்கி, எண்ணிக்கையைக் கூட்டி, பாதம் இடுப்புக்கு நேர் கீழே விழும்படி இறங்குங்கள். சரியாக இறங்குகிறீர்களா என்று காதாலேயே தெரிந்துகொள்ளலாம்: தார் ரோட்டில் ஷூ தொப் தொப் என்று அறைகிற சத்தம் கேட்டால் அடி நீளம் அதிகம், சரசரவென்று லேசாகக் கேட்டால் சரி.

ஒரு எச்சரிக்கை. பெரிய இறக்கத்துக்குப் பிறகு தசை வீங்கித் தாங்க முடியாத வலி, கூடவே சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போகிறது என்றால் தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று அர்த்தம். ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

முட்டி வலி

எந்த இடத்தில் என்று விரலை வைத்துப் பாருங்கள். முட்டிச் சில்லைச் சுற்றி முன்பக்கம் வலித்து, படி இறங்கும்போதும் நெடுநேரம் பஸ்ஸில் மடக்கி உட்கார்ந்து எழும்போதும் கூடினால், சில்லின் மேல் சுமை அதிகமாகிவிட்டது. இரண்டு வாரம் இறக்கத்தை நிறுத்துங்கள், நிமிடத்துக்கு வைக்கிற அடிகளின் எண்ணிக்கையை ஐந்து முதல் பத்து சதவீதம் கூட்டுங்கள், தொடைக்கும் இடுப்புக்கும் பலம் சேர்க்கிற பயிற்சிகளைச் செய்யுங்கள். முட்டியின் வெளிப்பக்கம் ஊசி குத்துவது போலக் குறிப்பிட்ட தூரத்தில் தொடங்கி, இறக்கத்தில் கூடி, நின்றால் குறைகிறது என்றால் தொடையின் வெளிப்பக்கமாக வரும் பட்டை நார் உரசுகிறது. ரோட்டின் ஒரே ஓரத்தில், அதுவும் சரிந்த ஓரத்தில், எப்போதும் ஓடுகிறவர்களுக்கு இது வரலாம், முடிந்தவரை சமமான பகுதியில் ஓடுங்கள். பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்கும் பயிற்சி நன்றாகக் கேட்கும். முட்டி வீங்கினாலோ, பாதியில் மாட்டிக்கொண்டு மடங்க மறுத்தாலோ, எலும்பு மருத்துவர்.

கால் முன் எலும்பில் வலி

எலும்பின் உட்பக்க ஓரமாக ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்து, ஓட ஆரம்பித்ததும் கொஞ்சம் குறைந்தால், தூரத்தைச் சட்டென்று கூட்டியிருக்கிறீர்கள். பாதியாகக் குறைத்து, மண் பாதையில் ஓடினால் சில வாரத்தில் அடங்கும். ஒரே விரல் வைக்கிற இடத்தில் மட்டும் சுரீர் என்று வலித்து, இரவில் படுத்தாலும் நச்சரித்து, ஒற்றைக் காலில் குதிக்கவே முடியவில்லை என்றால் எலும்பில் விரிசலாக இருக்கலாம். இதைத் தாங்கிக்கொண்டு ஓடுவது வீரம் இல்லை, விரிசல் முறிவாகிவிடும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம், அதனால் எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்களே என்று வலியோடு திரும்ப ஓடப் போகாதீர்கள்.

குதிகாலும் கெண்டைக்காலும்

காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கிற முதல் சில அடிகள் குதிகாலின் அடியில் சுருக்கென்று குத்தினால் அது பாதத்தின் அடி நார். நம் ஊர்க் குளிர்ந்த தரையில் வெறுங்காலோடு இறங்காமல் பக்கத்திலேயே செருப்பு வைத்துக்கொள்ளுங்கள், எழும் முன்பே கால் விரல்களைக் கையால் மேலே இழுத்துப் பிடியுங்கள். குதிகாலுக்கு மேலே பின்பக்க நாரில் பிடிப்பு என்றால் அது ஏற்றத்தின் வேலை, இறக்கத்தைக் குற்றம் சொல்ல முடியாது. படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை வைத்து நின்று, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்குகிற பயிற்சி, 15 தடவை வீதம் மூன்று சுற்று, காலையும் மாலையும், பன்னிரண்டு வாரம். சலிப்பாக இருக்கும், ஆனால் வேலை செய்யும்.

கால் நகம் கறுத்துப்போனது

இறக்கத்தில் கட்டைவிரல் ஷூவின் முனையில் போய் முட்டுகிறது. முனையில் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும், ஷூவை மாலையில் கால் சற்று உப்பியிருக்கும்போது வாங்குங்கள், மேல் துளை வரை கயிற்றை இறுக்குங்கள்.

ஓடி முடித்ததும் இருமல்

டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா பக்கம் புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடக்கும் காலையில் ஓடியவர்களுக்கு இது தெரியும். நின்ற பிறகு ஐந்து முதல் இருபது நிமிடத்துக்குள் நெஞ்சு இறுகி, விசில் சத்தத்தோடு இருமல் வரும். வறண்ட குளிர்காற்று மூச்சுக்குழாயைச் சுருக்குகிறது. பதினைந்து நிமிடம் வேகமாக நடந்து உடம்பைச் சூடாக்கிய பிறகு ஓடுங்கள், மஃப்ளரை வாயையும் மூக்கையும் மூடிக் கட்டுங்கள், வெயில் வந்த பிறகு கிளம்புங்கள். அப்படியும் வந்தால் மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள். இன்ஹேலர் வைத்துக்கொண்டு மாரத்தான் முடிக்கிறவர்கள் ஏராளம், அதை மறைக்க வேண்டிய அவசியமே இல்லை.

தூங்கி எழுந்தாலும் அசதி போகவில்லை

முதலில் போன மூன்று வாரக் கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு வாரமும் தூரம் கூடிக்கொண்டேதான் போனதா? நான்காவது வாரம் கால் பங்காவது குறைக்க வேண்டும், உடம்பு பலப்படுவது அந்த வாரத்தில்தான். தூக்கம், சாப்பாடு சரியாக இருந்தும் ஏற்றத்தில் கால் ஈயம் மாதிரி கனக்கிறது என்றால், முக்கியமாகப் பெண்கள், ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் சேர்த்துக் கேளுங்கள், இரும்புச் சேமிப்பு கரைவது அதில்தான் முன்கூட்டியே தெரியும். உயரமான இடத்தில் வாழ்கிறவர்களுக்கு ஹீமோகுளோபின் இயல்பாகவே சற்றுக் கூடுதலாக இருக்கும், உயரத்தைக் கணக்கில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். கீழே உள்ளவர்களுக்குச் சரியான எண் இங்கே பற்றாக்குறையாக இருக்கலாம்.

அப்புறம் நம் டீ. தேயிலைக்கு நடுவில் வாழ்கிறோம், சாப்பாட்டோடு டீ, சாப்பிட்ட கையோடு டீ என்று பழகிவிட்டோம். தேயிலையில் இருக்கும் துவர்ப்புப் பொருள்கள், கீரையிலிருந்தும் பருப்பிலிருந்தும் வருகிற இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கின்றன. டீயை விடச் சொல்லவில்லை, இந்தக் குளிரில் அது நடக்காது. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரம் விடுங்கள், சாப்பாட்டோடு எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஏதாவது சேர்த்துக்கொள்ளுங்கள். இரும்பு மாத்திரை தேவையா என்பதை ரத்த முடிவைப் பார்த்து மருத்துவர் சொல்லட்டும்.

25, 30 கிலோமீட்டர் தாண்டியதும் ஆள் அப்படியே நின்றுவிடுகிறேன்

கால் வலிக்காது, ஆனால் நகராது, தலை கிறுகிறுக்கும், காரணமில்லாமல் அழுகைகூட வரும். தசையிலும் ஈரலிலும் சேர்த்துவைத்த சர்க்கரை தீர்ந்துபோயிருக்கிறது. உடம்பின் இருப்பு சுமார் 2,000 கலோரி அளவுக்குத்தான், முப்பது கிலோமீட்டர் வாக்கில் அது காலியாகும். மன உறுதியால் இதை ஜெயிக்க முடியாது, சாப்பிட்டால்தான் ஜெயிக்க முடியும். ஓட ஆரம்பித்து அரை மணி நேரத்திலிருந்தே, மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர அளவு வாழைப்பழம் இரண்டு சுமார் 50 கிராம் தரும். பேரீச்சம்பழம், வெல்லக்கட்டி, கடையில் விற்கும் ஜெல் எதுவானாலும் சரி. கடலை மிட்டாயும் வர்க்கியும் ஓடி முடித்த பிறகு. கொழுப்பு இருப்பதால் ஓடும்போது வயிற்றில் கல்லாக உட்காரும்.

ஓடிக்கொண்டே சாப்பிட வயிற்றையும் பழக்க வேண்டும், பந்தயத்தன்று புதிதாக எதையும் வாயில் போடாதீர்கள். வார இறுதி நீண்ட ஓட்டம் ஒவ்வொன்றிலும் இதைப் பயிற்சி செய்யுங்கள். அந்த நீண்ட ஓட்டமும் மூன்று, மூன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், முதல் மாரத்தானுக்கு ஒருமுறையோ இருமுறையோ 28 முதல் 32 கிலோமீட்டர் தொட்டால் போதும்.

ஓட்டத்துக்குப் பிறகு தலைவலி, வாந்தி

இரண்டு எதிரெதிர் காரணம் உண்டு. குளிரில் தாகம் எடுக்காது, நீங்கள் மூன்று மணி நேரம் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் ஓடியிருப்பீர்கள், சிறுநீர் அடர் மஞ்சளாக இருக்கும். அல்லது பயந்துபோய் பாட்டில் பாட்டிலாக வெறும் தண்ணீர் குடித்து ரத்தத்தில் உப்பின் அளவு குறைந்திருக்கும், எடை ஓடுவதற்கு முன்பிருந்ததைவிடக் கூடியிருக்கும், மோதிரம் இறுகும். இரண்டாவதுதான் ஆபத்து, குழப்பம், வலிப்பு வரை போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் எடுத்துப் பார்த்த ஓட்டக்காரர்களில் 13 சதவீதம் பேருக்கு உப்பு குறைந்திருந்தது. தாகத்துக்குக் குடியுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். ஆள் குழம்பிப் பேசினால் வாயில் எதுவும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

விடியற்காலையில் ரோட்டில் காட்டுமாடு

அட்டவணை காலை நாலரை மணிக்கு ஓடச் சொல்லும். கோத்தகிரி டீ எஸ்டேட்டுகளில் அந்த நேரம் கரடியுடையது, மற்ற இடங்களில் காட்டுமாட்டுடையது, குஞ்சப்பனையிலும் பர்லியாறிலும் பலாப்பழ சீசனில் யானையுடையது. நன்றாக வெளிச்சம் வந்த பிறகு ஓடுங்கள், தனியாகப் போகாதீர்கள், இரண்டு காதிலும் ஹெட்போன் வேண்டவே வேண்டாம். காட்டுமாடு நின்றால் நீங்களும் நில்லுங்கள், அது போகும் வழியை விட்டு, முதுகு காட்டாமல் பின்வாங்குங்கள், போட்டோ எடுக்கக் கிட்டே போகாதீர்கள். காட்டுக்குள் போகும் கல்லட்டி, மசினகுடி ரோடுகள் ஓடுவதற்கான இடமே இல்லை. மூடுபனி நாளில் பளிச்சென்ற சட்டை, எதிரே வண்டி வருகிற பக்கமாக ஓட்டம், குருட்டு வளைவில் மட்டும் மறுபக்கம். தெருநாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனையில் ஊசி.

மேலே நன்றாக ஓடினேன், கீழே போனதும் சுருண்டுவிட்டேன்

நம்மில் பலருக்கு முதல் மாரத்தான் ஜனவரியில் சென்னையாக இருக்கும். ஆக்சிஜன் தாராளமாகக் கிடைப்பதால் முதல் பத்து கிலோமீட்டர் பறக்கிற மாதிரி இருக்கும், அங்கேதான் ஏமாறுகிறோம். விடிந்ததும் புழுக்கம் ஏறும், வியர்வை காயாது, உடம்பு சூடு இறங்காது. மலைக் குளிரில் பழகிய உடம்புக்கு இது முற்றிலும் புதிது. வெப்பத்துக்குப் பழக 10 முதல் 14 நாள் வேண்டும், ஆனால் வேலைக்குப் போகிறவர்களுக்கு அவ்வளவு லீவு யார் தருவார்கள்? கடைசி இரண்டு மாதத்தில் முடிந்த ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் நாளே கீழே இறங்கி, கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் நீண்ட ஓட்டத்தை முடியுங்கள். சமதரையில் ஒரே மாதிரி மூன்று மணி நேரம் ஓடுவதும் மலைக்கால்களுக்குப் புதிதுதான், ஏற்ற இறக்கத்தில் தசைகள் மாறி மாறி வேலை செய்யும், அங்கே ஒரே தசை ஓயாமல் உழைக்கும். மேலே இருக்கும் நாட்களில் மதிய வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் மெதுவாக ஓடுவதும் உதவும். பந்தயத்தன்று முதல் பாதி வேண்டுமென்றே மெதுவாக ஓடுங்கள். வெயிலில் யாராவது தள்ளாடி, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீரும் ஐஸும் கொட்டி முதலில் குளிர்வியுங்கள், ஆம்புலன்ஸ் வரட்டும்.

பந்தயத்துக்குப் பத்து நாள் இருக்க, எங்கெங்கோ வலிக்கிறது

தூரத்தைக் குறைத்ததும் இது எல்லோருக்கும் வரும். இத்தனை நாள் தெரியாத முட்டி, இடுப்பு, தொண்டைக் கரகரப்பு எல்லாம் பெரிதாகத் தெரியும், பயிற்சி போதாது என்று கை பரபரக்கும். போதும். கடைசி இரண்டு வாரத்தில் கூடுதலாக ஓடி எந்தப் பலமும் சேராது. இந்த நாட்களில் இறக்கமே வேண்டாம். குறிப்பிட்ட ஒரே இடத்தில் நாளுக்கு நாள் கூடுகிற வலி என்றால் மட்டும் மேலே போய் அதற்கான பகுதியைப் படியுங்கள். கீழே போகிற பஸ்ஸைப் பந்தயத்துக்கு முதல் நாள் கடைசி வண்டியாக வைத்துக்கொள்ளாமல் இரண்டு நாள் முன்னதாகவே பிடியுங்கள், வளைவுகளில் வாந்தி எடுக்கிறவர் என்றால் முன் சீட்டாகப் பார்த்து உட்காருங்கள், ஷூவையும் ஓடப்போகும் உடையையும் கைப்பையிலேயே வைத்திருங்கள்.